அழித்த எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

1229ஆம் ஆண்டு. பிரார்த்தனைப் புத்தகம் ஒன்று எழுத ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்குத் தோல் ஏடுகள் தேவைப்பட்டன. புதுத் தோல் விலை அதிகம். கையில் கிடைத்த பழைய புத்தகங்களைப் பிரித்தார், எழுத்தைக் கழுவிச் சுரண்டினார், ஏடுகளைக் குறுக்கே திருப்பி ஜெபங்களை எழுதினார். அவர் சுரண்டியவற்றில் ஒன்று, பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆர்க்கிமிடீஸ் பிரதி. அதிலிருந்த ஒரு நூலுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. வளைந்த உருவங்களை மெல்லிய கீற்றுகளாக வெட்டித் தராசில் நிறுப்பதாகக் கற்பனை செய்து, அவற்றின் பரப்பையும் கன அளவையும் கண்டுபிடிக்கும் வழி அந்த நூலில் இருந்தது. தொகை நுண்கணிதம் பிறப்பதற்குச் சுமார் 1900 வருடங்களுக்கு முந்தைய யோசனை அது.

பாதிரியாரைத் திட்டத் தோன்றுகிறது. ஆனால் ஜெபப் புத்தகமாக மாறியதால்தான் அந்த ஏடுகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. கணக்குப் புத்தகமாகவே இருந்திருந்தால் எலி தின்றிருக்கலாம்.

சரி, சுரண்டிய எழுத்தை எப்படிப் படித்தார்கள்? அதற்கு மையைப் பற்றித் தெரிய வேண்டும். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் புழங்கிய மைக்கு மூன்று சரக்கு போதும்: மாசிக்காய், அன்னபேதி, கருவேல வகைப் பிசின். ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிடும் இடம் புடைத்து வளர்வதுதான் மாசிக்காய். துவர்ப்புச் சத்தான டானின் அதில் ஏராளம். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். இரண்டையும் தண்ணீரில் கலந்தால் முதலில் வெளிறிய திரவம்தான் கிடைக்கும். பிசின் அதற்குக் கொஞ்சம் பிடிப்பைக் கொடுக்கும். எழுதும்போது எழுத்து மங்கலாகவே இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு அயனி இன்னும் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, மாசிக்காயிலிருந்து வந்த அமிலத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத கறுப்புச் சேர்மமாகிறது. மை ஊறி இறங்கிய நார்களுக்குள்ளேயும் இது நடக்கிறது. அதனால் கழுவினால் முழுதாகப் போகாது. கத்தியால் சுரண்டினால் கறுப்பு போகும், ஆனால் உள்ளே இறங்கிய இரும்பில் கொஞ்சம் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அந்த அணுக்கள் எழுத்தின் வடிவத்திலேயே அங்கே நிற்கின்றன.

1906இல் யோகான் லூட்விக் ஹைபர்க் என்ற டென்மார்க் அறிஞர் கான்ஸ்டான்டினோபிளில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். ஜெபங்களுக்கு அடியில் தெரிந்த மங்கல் கோடுகள் யாருடையவை என்று கண்டுகொண்டு, முடிந்தவரை படித்தும் வைத்தார். 1998இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போன பிறகு, பால்டிமோரின் வால்டர்ஸ் கலைக்கூடத்தில் வேலை தொடங்கியது. முதலில் வெவ்வேறு நிற ஒளிகளில் படம் எடுத்தார்கள். புற ஊதா ஒளி பட்டால் தோல் நீலமாக ஒளிரும், மையின் மிச்சம் இருக்கும் இடம் மட்டும் இருண்டு தெரியும். பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் சில ஏடுகளின் மேல் இருபதாம் நூற்றாண்டில் யாரோ தங்கம் பூசிப் போலி ஓவியம் வரைந்திருந்தார்கள். ஒளியால் அதைத் தாண்ட முடியவில்லை.

அதற்கு ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி நிலையத்துக்குப் போனார்கள். வலுவான எக்ஸ் கதிர் ஓர் இரும்பு அணுவைத் தாக்கினால், அணுவின் உள்வட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்து வெளியேறும். வெளிவட்டத்து எலக்ட்ரான் ஒன்று அந்தக் காலி இடத்தில் விழும்போது, மிச்ச ஆற்றலை எக்ஸ் கதிராகவே உமிழும். அந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு, இரும்புக்கு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மயிரிழை அளவுக் கற்றையால் ஏட்டைப் புள்ளி புள்ளியாக வருடி, இரும்பு எங்கெல்லாம் பதில் சொல்கிறதோ அங்கெல்லாம் புள்ளி வைத்தால் எழுத்து தானாக எழுந்து வரும். மேலே பூசிய தங்கம் வேறு ஆற்றலில் பேசுவதால் குறுக்கே வராது.

பாதிரியார் அழித்தது சிக்கனத்துக்காக. வேண்டுமென்றே மறைத்த எழுத்தை என்ன செய்வது? பிரெஞ்சு அரசி மரி அன்துவானெத்தும் ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஆக்செல் வான் ஃபெர்சனும் 1791, 1792இல் எழுதிக்கொண்ட இரகசியக் கடிதங்களில் சில வரிகளை யாரோ மையால் கிறுக்கி மூடியிருந்தார்கள். இங்கே எழுத்தும் இரும்பு மை, கிறுக்கலும் இரும்பு மை. இரும்பைத் தேடினால் எல்லாம் ஒரே கருமைதான். ஆனால் அக்கால அன்னபேதி சுத்தமானது அல்ல. செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும், அந்தக் கலப்பு மைக்கு மை மாறும். இரும்புக்கும் செம்புக்கும் உள்ள விகிதத்தை வரைபடமாக்கியதும் இரண்டு மைகளும் பிரிந்தன. ஆராய்ந்த 15 கடிதங்களில் 8 கடிதங்களின் வரிகள் வெளிவந்தன. அடியில் அன்பான வார்த்தைகள் இருந்தன. கிறுக்கியது வேறு யாருமில்லை, ஃபெர்சனேதான் என்பதையும் அவருடைய மையே காட்டிக்கொடுத்தது.

எல்லா மையிலும் இரும்பு கிடையாது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரின் ஒரு மாளிகையில் நூற்றுக்கணக்கான பாப்பிரஸ் சுருள்கள் வெந்து கரியாகின. மிதித்து நசுக்கிய பாய்ச் சுருள் கரிக்கட்டையானால் எப்படியோ, அப்படி. பிரித்தால் பொடியாகும். மையும் புகைக்கரி, பாப்பிரஸும் கரி. எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் காய்ந்த மைப்படலத்துக்கு மெல்லிய தடிமன் உண்டு, அதில் நுண்ணிய வெடிப்புகளும் உண்டு. முப்பரிமாண எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த வெடிப்புகளைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கினார்கள். 2023 அக்டோபரில் ‘ஊதா’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் கிடைத்தது. 2024 பிப்ரவரிக்குள் 2000 எழுத்துகளுக்கு மேல். சுருளைத் திறக்காமலே!

அந்த மாளிகையில் பெரும்பாலும் இருந்தவை எபிகூரஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞரின் வழிவந்தவர்களின் நூல்கள். உலகம் அணுக்களால் ஆனது, தெய்வங்கள் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை, சாவுக்குப் பின் தண்டனை கிடையாது என்று சொன்னவர்கள் அவர்கள். எபிகூரஸ் சுமார் 300 சுருள்கள் எழுதினார் என்று பழைய குறிப்பு இருக்கிறது. முழுதாக நமக்கு வந்தவை மூன்று கடிதங்களும் சில பொன்மொழிகளும். யாராவது தடைசெய்து கொளுத்தினார்களா? அப்படி எதுவும் தேவைப்படவில்லை. பாப்பிரஸ் நைந்துபோகும், சில தலைமுறைக்கு ஒருமுறை புதுப்பிரதி எடுத்தாக வேண்டும். படி எடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு இதில் ஆர்வம் இல்லை, அவ்வளவுதான். நெருப்பைவிட அலட்சியம்தான் அதிக நூல்களைத் தின்றிருக்கிறது என்பது என் கணிப்பு.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு பிரதி நூறு ஆண்டில் அழிந்துபோக 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிரதி என்றால் தப்பிக்க 10 சதவீதம்தான். 20 பிரதிகள் இருந்தால், ஒன்றாவது தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 88 சதவீதம். 50 என்றால் 99.5. ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பிரதியின் விதியும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஐம்பதும் ஒரே அலமாரியிலோ, ஒரே அதிகாரியின் பிடியிலோ இருந்தால் கணக்கில் அது ஒரு பிரதிதான்.

கோப்பர்நிக்கஸ் பூமியைச் சூரியனைச் சுற்றவைத்த புத்தகம் 1543இல் அச்சானது. முதல் பதிப்பில் சில நூறு பிரதிகள்தான். 1616இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் ‘திருத்தும் வரை’ நிறுத்திவைத்து, 1620இல் எந்தெந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று பட்டியல் கொடுத்தது. வானியலாளர் ஓவன் கிஞ்சரிச் பல நாடுகளுக்கு அலைந்து, முதல் இரண்டு பதிப்புகளில் எஞ்சிய சுமார் 600 பிரதிகளைப் புரட்டிப் பார்த்தார். இத்தாலியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் திருத்தப்பட்டிருந்தன. அதைத் தாண்டி வெளியே அந்த ஆணையை அநேகமாக யாரும் சட்டைசெய்யவில்லை. கலிலியோவின் சொந்தப் பிரதியிலும் அடித்தல் இருக்கிறது, அடியில் உள்ளதைத் தாராளமாகப் படிக்கிற மாதிரி.

அப்புறம் தட்டச்சுப்பொறி வந்து கணக்கைச் சாதாரண வீட்டு மேசைக்கே கொண்டுவந்தது. சோவியத் நாட்டில் தடைபட்ட எழுத்துகளை மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து அடித்தார்கள். ஒரே தட்டில் நாலைந்து பிரதி, கடைசிப் பிரதி கண்ணுக்கே எட்டாத மங்கல். வாங்கியவர் அதை மறுபடி அடித்து இன்னொருவருக்குக் கொடுப்பார். பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அடித்தவருக்கே தெரியாது.

ஆட்சியாளர்களுக்கும் இந்தக் கணக்கு புரிந்தது. 1983இல் ருமேனியாவில் சௌஷெஸ்குவின் அரசு, தட்டச்சுப்பொறி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைக் காவல்துறையில் பதிவுசெய்ய வேண்டும், அதில் அடித்த எழுத்து மாதிரியை ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆண்டுதோறும் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பொறியிலும் ஏதோ ஓர் எழுத்து தேய்ந்திருக்கும், இன்னொன்று வரியிலிருந்து மயிரளவு கீழிறங்கியிருக்கும், அந்தத் தேய்மானம் பொறிக்குப் பொறி வேறு. பயன்படுத்தப் பயன்படுத்த அதுவும் மாறிக்கொண்டே போகும்.