மின்சாரம் எந்தத் தேதியில் வரும்? டேட்டா சென்டருக்கு நிலம் வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கூரையின் கீழ் இயக்கும் டேட்டா சென்டர் கட்ட இடம் பார்த்துவிட்டோம் என்று வருகிறவர்கள் முதலில் மேஜையில் விரிப்பது நில வரைபடத்தைத்தான். விலை படிந்துவிட்டது, சாலை வசதி இருக்கிறது, எல்லையை ஒட்டியே உயர் அழுத்த மின்கம்பி போகிறது என்பார்கள். நான் கேட்பது வேறொரு தாள். மின் விநியோக நிறுவனம் எழுத்தில் என்ன கொடுத்திருக்கிறது? பல நேரங்களில் அந்தத் தாளே இருக்காது. இருந்தாலும் அதை வரி வரியாகப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலீடு செய்கிறவர்களுக்கும் கடன் கொடுக்கிறவர்களுக்கும் இப்படிப்பட்ட இடங்களை மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். இந்தத் துறையில் பணம் முடங்குவது கட்டடம் கட்டத் தெரியாததால் அல்ல. கட்டடம் சொன்ன நேரத்தில் எழுந்துவிடும், மின்சாரம் வராது. அதனால் மின்சாரம், இடம், சட்டம் என்று மூன்று தனித்தனி அறிக்கைகளாக வாங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றும் சேர்ந்து ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: எத்தனை மெகாவாட், எந்தத் தேதியில், என்ன நிபந்தனையோடு?

உலக அளவில் டேட்டா சென்டர்கள் 2024இல் ஏறத்தாழ 415 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்) மின்சாரம் எடுத்துக்கொண்டதாக சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. மொத்தப் பயன்பாட்டில் அது சுமார் 1.5 சதவீதம். 2030க்குள் 945 டெராவாட் மணியைத் தொடும் என்பது அதே முகமையின் மதிப்பீடு. உலகக் கணக்கில் இது சிறிய பங்காகத் தெரியலாம். ஆனால் இந்தச் சுமை பரவலாக விழுவதில்லை, சில ஊர்களின் சில துணை மின்நிலையங்கள் மேல் மொத்தமாக விழுகிறது. நெருக்கடி அங்கேதான் உண்டாகிறது.

எல்லையை ஒட்டி மின்கம்பி போகிறது என்பதற்கு மதிப்பீட்டில் பெரிய எடை கிடையாது. விரைவு ரயில் நம் வாசலைத் தாண்டிப் போகிறது என்பதற்காக அது நம் வாசலில் நிற்காது. அந்தக் கம்பியிலிருந்து மின்சாரத்தை இறக்க துணை மின்நிலையம் வேண்டும், அதில் காலி இடம் வேண்டும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளுக்கும் தாங்கும் திறன் வேண்டும்.

துணை மின்நிலையக் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். 60 எம்.வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவை அளக்கும் அலகு, ஏறத்தாழ மெகாவாட் மாதிரி) டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு இருக்கின்றன, உச்ச நேரத்தில் 45 எம்.வி.ஏ. சுமை ஓடுகிறது. நிலத்தை விற்கிறவர் 120இல் 45 போக 75 மிச்சம் என்பார். மின் நிறுவனத்தின் பொறியாளர் அப்படிக் கணக்கிட மாட்டார். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி நின்றாலும் மற்றது ஒன்றே எல்லாரையும் தாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய விதி. ஆக உறுதியான கொள்ளளவு 60தான், மிச்சம் வெறும் 15. அந்த 15க்கும் ஏற்கெனவே யாராவது விண்ணப்பம் போட்டு வரிசையில் நின்றால் உங்கள் பங்கு பூஜ்யம். நேரில் போனால் வேலிக்கு வெளியே நின்றபடியே டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை, புதிய இணைப்புக்குக் காலி இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம். உச்ச நேரச் சுமையையும் வரிசையில் நிற்கும் விண்ணப்பங்களையும் எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் மின் நிறுவனம் எழுத்தில் கொடுக்கும் அந்தக் கடிதம். 'தற்போதைய நிலையில் கொள்ளளவு உள்ளது' என்று எழுதியிருந்தால், கடிதம் எழுதிய நாளில் இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உங்களுக்காக யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. 'விரிவான ஆய்வுக்கு உட்பட்டது' என்றால் ஆய்வு இன்னும் தொடங்கவில்லை, அதன் செலவும் உங்களுடையது. நான் மிகவும் அஞ்சுவது, 'மேல்நிலை வலுவூட்டல் பணிகள் முடிந்தபின்' என்ற சொற்றொடரைத்தான். பல மைல்களுக்கு அப்பால் ஒரு பெரிய மின்பாதையோ புதிய துணை மின்நிலையமோ கட்டி முடித்தால்தான் உங்களுக்கு மின்சாரம் என்று அதற்குப் பொருள். அந்தப் பணிக்கு நிலம் எடுத்தார்களா, ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் கொடுத்ததா, ஒப்பந்தம் விட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கையெழுத்தான இணைப்பு ஒப்பந்தம், கட்டிய வைப்புத்தொகை, அதில் அச்சிட்ட தேதி, தேதி தவறினால் என்ன என்கிற ஷரத்து, இந்த நான்கும் இருந்தால்தான் மின்சாரம் இருக்கிறது என்று என் அறிக்கையில் எழுதுவேன்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்று ஆர்டர் கொடுத்தால் கையில் கிடைக்க இரண்டு, மூன்று வருடம் ஆவது சாதாரணம். பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் உயர் அழுத்த பிரேக்கர்களுக்கும் நீண்ட காத்திருப்பு உண்டு. ஒப்பந்தத்தில் அடுத்த வருடம் மின்சாரம் என்று போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டரின் நகலைக் கேளுங்கள். அது இல்லாமல் அந்தத் தேதியை நம்ப முடியாது.

கேட்கும் அளவிலும் தப்பு நடக்கிறது. வாடிக்கையாளருக்கு 30 மெகாவாட் கணினிச் சுமை என்றால், குளிரூட்டலும் மின் இழப்பும் சேர்த்து வருடச் சராசரியில் 1.3 மடங்கு, அதாவது 39 மெகாவாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் அந்த 39ஐயே எழுதிவிடுகிறார்கள். கடும் வெயில் நாளின் பிற்பகலில் அதே கட்டடம் 1.5 மடங்கு கேட்கும் என்றால் தேவை 45. இணைப்பு அந்த ஒரு மணி நேரத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், வருடச் சராசரியால் அங்கே பயன் இல்லை. பின்னால் போய் 6 மெகாவாட் கூடுதலாகக் கேட்டால் மறுபடி வரிசையின் கடைசி.

மின்சாரம் கொண்டுவர இரண்டு பீடர் (மின்பாதை) இருக்கிறது, கவலை இல்லை என்பார்கள். இரண்டும் ஒரே துணை மின்நிலையத்திலிருந்து வந்தால், அங்கே ஒரு தீ போதும். இணையத்துக்கான ஃபைபர் கேபிளிலும் இதே கதைதான். இரண்டு நிறுவனங்களின் கேபிள்கள் தனித்தனியாக வந்து, ஒரே பாலத்தின் அடியில் ஒரே குழாய்க்குள் ஆற்றைக் கடக்கும். பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கால்நடையாகப் போய்ப் பாருங்கள்.

மின் நிறுவனங்களும் இப்போது டேட்டா சென்டரை வேறு கண்ணோடு பார்க்கின்றன. 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஒரு 230 கிலோவோல்ட் பாதையில் இடிதாங்கிச் சாதனம் பழுதானது. பாதையில் அடுத்தடுத்துச் சில முறை மின்னழுத்தம் விழுந்து எழுந்தது. ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை இப்படி நடந்தால் பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் மாறி அங்கேயே இருக்கும்படி யு.பி.எஸ். அமைப்புகள் பலவற்றில் நிரல் வைத்திருந்தார்கள். ஒரே மூச்சில் சுமார் 1,500 மெகாவாட் சுமை மின் கட்டமைப்பிலிருந்து விலகியது. தன் கருவிகளைக் காப்பாற்றிக்கொள்வதில் தனித்தனியாக யார் மேலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பெரிய சுமை திடீரென்று காணாமல் போனால் கட்டமைப்பின் சமநிலை ஆட்டம் காணும். யு.பி.எஸ். நிரலைக் கட்டடத்தின் உள்விவகாரமாக நினைத்த காலம் போய்விட்டது. இணைப்பு நிபந்தனைகளில் மின்னழுத்தச் சரிவைத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா, வரப்போகிறதா என்று வடிவமைப்புக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இடம் என்று வரும்போது நான் முதலில் பார்ப்பது தண்ணீர், வெள்ளமாக வரும் தண்ணீரும் சரி, குளிரூட்டலுக்குத் தேவைப்படும் தண்ணீரும் சரி. 2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் 17ஆம் மாடியில் பத்திரமாக இருந்தது. எரிபொருளை மேலே ஏற்றும் பம்பு அடித்தளத்தில் இருந்ததால் மூழ்கிவிட்டது. ஆட்கள் படிக்கட்டில் வாளி வாளியாக டீசல் சுமந்தார்கள். வெள்ள வரைபடத்தில் நிலம் தப்பித்தால் போதாது. மின்சாரமும் எரிபொருளும் ஆட்களும் வந்து சேரும் வழி, கட்டடம் நம்பியிருக்கும் துணை மின்நிலையம், எல்லாமே வெள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

தேவைப்படும் தண்ணீருக்கு ஒரு எளிய கணக்கு. ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையில் ஒரு யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை வெளியேற்ற சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும், அது இயற்பியல். 10 மெகாவாட் வெப்பம் இரவு பகலாக வந்தால் நாளொன்றுக்கு 3.6 லட்சம் லிட்டர். உப்புச் சேராமல் இருக்க அவ்வப்போது வடித்துவிடும் தண்ணீர் தனி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்ற சிறு நகரின் மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் கூகுளின் டேட்டா சென்டர்களுக்குப் போனது ஒரு வழக்குக்குப் பிறகு வெளியே வந்தது. தண்ணீர் வேண்டாம், காற்றாலேயே குளிர்விக்கிறோம் என்று மாற்றினால் வெயில் நேரத்தில் மின்சாரம் கூடும், மின் விண்ணப்பத்தைத் திருத்த வேண்டியிருக்கும். காற்றாடிகளின் இரைச்சலும் கூடும், அது உள்ளாட்சி அனுமதியைத் தொடும். மூன்று அறிக்கைகளைத் தனித்தனி ஆட்களிடம் கொடுத்தால் இந்தச் சங்கிலி யார் கண்ணிலும் படாது.

மண் பரிசோதனை, நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வரும் சாலையும் பாலமும் தாங்குமா, கேபிள் போகும் வழியில் அடுத்தவர் நிலம் உண்டா என்பதெல்லாம் வழக்கமான வேலை. கேபிள் வழியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நடுவில் ஒரு துண்டு நிலத்துக்காரர் சம்மதிக்காவிட்டால் மொத்தத் திட்டமும் அவர் பதிலுக்குக் காத்திருக்கும்.

சட்டத்தில் ஆபத்து என்றதும் எல்லாரும் அனுமதி கிடைக்குமா என்றுதான் யோசிக்கிறார்கள். கிடைத்த அனுமதி நிற்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட டேட்டா சென்டர் திட்டத்துக்கு 2023 டிசம்பரில் நிலப் பயன்பாட்டு மாற்றம் கிடைத்தது. பொது விசாரணைக்கான பத்திரிகை அறிவிப்பை விதிப்படி வெளியிடவில்லை என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த மாற்றமே செல்லாது என்றது. அரசு அலுவலகம் செய்ய வேண்டிய ஒரு விளம்பரம் அது. அதனால் அனுமதி உத்தரவோடு நில்லாமல் அறிவிப்பு வெளியான தாள், தேதி, விசாரணைக் குறிப்பு, மேல்முறையீட்டுக் கால வரம்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குகிறேன்.

இன்னொரு வகை, நடுவழியில் விதி மாறுவது. சிங்கப்பூர் 2019 முதல் சில வருடங்கள் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்தது. அயர்லாந்தில் 2023இல் டேட்டா சென்டர்கள் நாட்டின் மின்சாரத்தில் 21 சதவீதத்தை எடுத்துக்கொண்டன. அதற்கு முன்பே, 2021இல், இணைப்பு கேட்கும் இடத்தில் நெருக்கடி உண்டா, சொந்தமாக மின்சாரம் தயாரிக்க முடியுமா என்றெல்லாம் பார்த்துத்தான் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று அங்கே ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. ஜெர்மனியில் 2026 ஜூலை 1 முதல் இயங்கத் தொடங்கும் டேட்டா சென்டர்கள் வெளியேறும் வெப்பத்தில் ஒரு பங்கை மறுபடி பயன்படுத்த வேண்டும். வெப்பத்தை வாங்கிக்கொள்ள அருகில் ஆள் உண்டா என்பது இடத் தேர்வுக் கேள்வியாகிவிட்டது.

கட்டண விதியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் ஒஹையோவில் 2025இல் வந்த ஒரு கட்டண முறைப்படி, புதிய பெரிய டேட்டா சென்டர்கள் கேட்ட மின்சாரத்தைப் பயன்படுத்தாவிட்டாலும் குறைந்தது 85 சதவீதத்துக்குப் பல வருடங்கள் பணம் கட்ட வேண்டும். அந்த விதி வந்ததும் வரிசையில் நின்ற விண்ணப்பங்கள் 30,000 மெகாவாட்டிலிருந்து சுமார் 13,000 மெகாவாட்டாகச் சுருங்கின. பாதிக்கு மேல் இடம் பிடித்து வைக்கப் போட்ட விண்ணப்பங்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். டெக்சாஸில் அதே வருடம் வந்த சட்டப்படி 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்பவர்கள் மாநிலத்தில் வேறெங்கும் இதே கோரிக்கையை வைத்திருக்கிறார்களா என்று சொல்ல வேண்டும், கட்டமைப்பு நெருக்கடியில் சுமையைக் குறைக்கவும் வேண்டும். அப்படிக் குறைக்கும் நேரத்தில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டலாம் என்று நினைத்தால், சுற்றுச்சூழல் அனுமதியில் அவசரத்துக்கு வருடத்தில் இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு இருக்கும். இரண்டு உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அக்கம்பக்கத்து மக்களை எதிர்ப்பாளர்கள் என்று ஒரு வரியில் எழுதி முடிக்கிற அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2022இல் லண்டனின் மேற்குப் பகுதியில் டேட்டா சென்டர்கள் மின் கொள்ளளவை முன்பதிவு செய்துவிட்டதால் புதிய குடியிருப்புகளுக்கான இணைப்பு 2035 வரை தாமதமாகலாம் என்ற நிலை வந்தது. வீடு கட்டக் காத்திருக்கிறவர் கோபப்படாமல் என்ன செய்வார்? இங்கே மின்சாரமும் தண்ணீரும் யாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நாம் வந்தால் யாருக்குக் குறையும் என்று மதிப்பீட்டாளர் நேரில் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

நிலம் வாங்குவதற்கு நான் பரிந்துரைக்கிற வரிசை இதுதான். முதலில் முழு விலை கொடுக்காமல், சிறு தொகைக்கு நிலத்தை வாங்கும் உரிமையை மட்டும் ஒப்பந்தமாகப் போடுங்கள். அதன் காலக்கெடு மின் ஆய்வு முடியும் நாளைத் தாண்டி இருக்கட்டும். இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, நிலப் பயன்பாட்டு உத்தரவின் மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு மீதிப் பணம் போகட்டும். வாடிக்கையாளரிடம் திறப்புத் தேதியைச் சொல்லும்போது மின்சாரம் வரும் தேதியை அடிப்படையாக வைத்து, தாமதமானால் அபராதம் என்ற ஷரத்தை மின் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஷரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின் நிறுவனம் தேதி தவறினால் உங்களுக்கு எதுவும் தராது, நீங்கள் தவறினால் வாடிக்கையாளருக்குத் தினமும் கட்ட வேண்டும் என்று இருந்தால், அந்த வித்தியாசத் தொகையை நிலத்தின் விலையோடு கூட்டி எழுதிவிட்டு, இந்த இடம் இன்னும் மலிவுதானா என்று மறுபடி கணக்குப் போடுங்கள்.