போர்மட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம்

"மகன், இது ஒரே ஸ்டக் ஆகுது. விண்டோஸ ஒருக்காப் புதுசா அடிச்சுத் தாங்க." மட்டக்களப்பில் கணினி திருத்தும் தொழிலில் இருக்கும் என்னிடம் வருபவர்கள் பலர், நோயையும் மருந்தையும் இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆரையம்பதியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கணினிக்கு, வேறோர் இடத்தில் மூன்று மாதங்களுக்குள் இரண்டு தடவை அந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு பழையபடியே நின்றதாம்.

நான் முதலில் கேட்பது, நின்ற நேரத்தில் கேப்ஸ் லொக் விசையை அழுத்திப் பார்த்தீர்களா என்பதைத்தான். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், பணிசெயல் முறைமை (விண்டோஸ்) உயிரோடு இருந்துகொண்டு எதற்கோ காத்திருக்கிறது என்று கொள்ளலாம். விளக்கு அசையாமல், சுட்டியும் நகராமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே ஒலியில் இழுத்துக்கொண்டு நின்றால் முழுக் கணினியும் உறைந்துவிட்டது. அப்போது நினைவகம் (ராம்), சூடு, மின்சாரம் ஆகிய பக்கங்களில்தான் முதலில் தேட வேண்டும். (திறப்பதற்கு ஐந்து நிமிடம் எடுப்பது உறைதல் அல்ல, மந்தம். கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் தட்டில்லாத வேகமான எஸ்.எஸ்.டி. பொருத்தினால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.)

ஆசிரியையின் கணினியில் சுட்டி நகர்ந்தது, விளக்கும் எரிந்தது, ஆனால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. இது வன்தட்டு கெட்டுப்போவதன் பழகிய முகம். தட்டில் பழுதான ஒரு பகுதியை வாசிக்க நேரும்போது வன்தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. விண்டோஸும் வழமையாக 60 வினாடிகள் வரை அதன் பதிலுக்குக் காத்திருப்பதால், திரைக்கு முன்னால் இருப்பவருக்குக் கணினி செத்துவிட்டது போலத் தெரிகிறது. போர்மட் செய்து, அதாவது தட்டிலுள்ளதை அழித்து, விண்டோஸைப் புதிதாகப் பதியும்போது அந்தப் பழுதுகளின் மேல் புதிய தரவு எழுதப்படுகிறது. அப்போது வன்தட்டு அவற்றை ஒதுக்கிவிட்டுத் தன்னிடமுள்ள மாற்று இடங்களைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. அந்த இரண்டு வார நிம்மதி இப்படித்தான் வருகிறது. பழுதோ பரவிக்கொண்டே இருக்கும்.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில், தட்டின் பழுதான பகுதிகளை எண்ணும் 05, சீ5 (C5), சீ6 (C6) ஆகிய வரிகளின் கடைசி நிரலைப் பாருங்கள். அங்கே பூச்சியமல்லாத எண் இருந்து, நாளுக்கு நாள் அது கூடுமானால் அந்த வன்தட்டை நம்ப வேண்டாம். இணைப்பில் நேரும் பிழைகளை எண்ணும் சீ7 (C7) மட்டும் கூடினால் சந்தோஷப்படலாம், ஏனென்றால் அநேகமாக அது தளர்ந்த அல்லது கெட்ட சாட்டா கேபிளின் (வன்தட்டை இணைக்கும் வயரின்) வேலை. கேபிளை மாற்றினாலே போதும். பிழைகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரோடு 7 அல்லது 153 என்ற எண்கள் நிறைந்திருப்பதும் வன்தட்டுப் பக்கமே கை காட்டும். அந்த நிலையில் டிஸ்க்கைச் சரிசெய்யும் கட்டளைகளை ஓடவிடாதீர்கள். சாகக் கிடக்கும் தட்டை மணிக்கணக்கில் முழுதாக வாசிக்க வைப்பது அதன் முடிவை விரைவுபடுத்தும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்துக்கு எடுங்கள். ஆசிரியையின் மகள் திருமணப் படங்கள் முதலாவது போர்மட்டோடேயே போய்விட்டன. எஞ்சியிருந்தவற்றைத்தான் என்னால் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை வேறு. பகல் பதினொரு மணிக்குப் பிறகு நிற்கும் கணினி இரவில் ஒழுங்காக ஓடினால் சூட்டைச் சந்தேகியுங்கள். மேசையின் மூடிய அறைக்குள் வைத்த பெட்டிக்குள் புழுதி அடைந்து, விசிறியின் கீழுள்ள உலோகக் குளிர்த்திக்கும் செயலிக்கும் (புரொசசருக்கும்) இடையிலுள்ள, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்துபோயிருக்கும். பல செயலிகள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும், அதற்கு மேலும் சூடேறினால் கணினி அணைந்துவிடும். புழுதியை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் எறும்புப் புற்றும், ஒரு தடவை காய்ந்த பல்லியும் கண்டிருக்கிறேன்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நமக்கு உப்புக் காற்று தரும் தொல்லை தனி. ராம் அட்டையின் தொடுகைகளில் மங்கல் படிந்து, முன்னறிவிப்பில்லாமல் கணினி உறைந்துவிடும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு அட்டையை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பொருத்தினால் பல தடவை அதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால், இரண்டு அட்டைகள் இருக்குமிடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

மின்வழங்கியை (பவர் சப்ளையை) மட்டும் எவரும் வீட்டில் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். கல்லடியிலிருந்து வந்த ஒரு கணினி என் மேசையில் இரண்டு நாட்கள் பிழையில்லாமல் ஓடியது, வீட்டுக்குப் போனதும் மாலையில் நின்றது. கிணற்று மோட்டர் போடும்போதெல்லாம் நிற்கிறது என்பதை அந்த வீட்டுச் சிறுமிதான் கவனித்துச் சொன்னாள். மோட்டரும் கணினியும் ஒரே இணைப்பில் இருந்தன. மோட்டர் கிளம்பும்போது விழுந்த வோல்டேஜைத் தளர்ந்துபோன மின்வழங்கியால் தாங்க முடியவில்லை. மின்வழங்கியை மாற்றினோம், கணினிக்கு வேறு இணைப்பும் இழுத்தார்கள். விண்டோஸில் நான் கை வைக்கவே இல்லை.