பர்பன்னா என்ன? பேரு எங்கேருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படி சொல்றது?

பர்பன்னு சொன்னா நம்ம ஆளுங்கள்ல பாதி பேருக்கு மொதல்ல ஞாபகம் வர்றது நடுவுல சாக்லேட் க்ரீம் வெச்சு மேல சர்க்கரை தூவின பிஸ்கட்தான். அதுல ஒரு சொட்டு விஸ்கி கூட கெடையாது, லண்டன்ல பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி 1910ல கொண்டு வந்தப்போ அதுக்கு வேற பேரு, அப்புறம்தான் பர்பன் ஆச்சு. நாம இங்க பேசப்போற பர்பன், அமெரிக்காவுல மக்காச்சோளத்தை முக்கியமா வெச்சு காய்ச்சுற ஒரு விஸ்கி. பிஸ்கட்டுக்கும் இந்த சரக்குக்கும் பேரோட வேர் ஒண்ணுதான்: ஃப்ரான்ஸை ஆண்ட பூர்பான் அரச குடும்பம். கேக் செய்யிறவங்க வாங்குற 'பர்பன் வெனிலா'வும் அதே கதைதான், ரீயூனியன் தீவுக்கு பழைய பேரு பூர்பான் தீவு, 19ஆம் நூற்றாண்டுல புதுச்சேரி, காரைக்கால் வழியா நம்ம ஜனங்க கரும்புத் தோட்டத்து கூலி வேலைக்கு கப்பல் ஏறிப் போன அதே தீவு.

அந்த அரச குடும்பத்துக்கு பேரு வந்தது நடு ஃப்ரான்ஸ்ல இருக்குற ஒரு சின்ன ஊர்லேருந்து, அங்க வெந்நீர் ஊத்து இருக்கு, போர்வோன்னு ஒரு பழைய கெல்டிக் ஊத்து சாமி பேர்தான் ஊர் பேரா மருவிச்சுன்னு சொல்றாங்க. இந்தப் பக்கம் விஸ்கிங்கிற சொல்லை எடுத்தா அது அயர்லாந்து, ஸ்காட்லாந்து கேலிக் மொழியில 'உஷ்கெ பாஹா', உயிர்த் தண்ணின்னு அர்த்தம், அதுல பின்பாதி உதிர்ந்து 'உஷ்கெ' மட்டும் தங்கி விஸ்கி ஆச்சு. அதாவது வெறும் தண்ணி. நாம 'தண்ணி அடிக்கிறான்'னு சொல்றோமே, யாரும் கத்துக் கொடுக்காமலே அதே எடத்துக்கு வந்து நிக்கிறோம்.

சரி, ஃப்ரெஞ்சு ராஜா பேரு எப்படி அமெரிக்க சாராயத்துக்கு வந்துச்சு? சுதந்திரப் போர்ல ஃப்ரான்ஸ் உதவி பண்ணுச்சுன்னு நன்றிக்கு வர்ஜீனியாக்காரங்க 1785ல ஒரு பெரிய மாவட்டத்துக்கு பர்பன்னு பேரு வெச்சாங்க, 1792ல கென்டக்கி தனி மாநிலமா பிரிஞ்சப்போ அந்த மாவட்டம் கென்டக்கி பக்கம் போயிடுச்சு. அந்த மாவட்டத்து தலைநகர் பேரும் பாரிஸ்தான், அங்க வந்த பத்திரிகையில 1821லயே 'பர்பன் விஸ்கி'ன்னு விளம்பரம் இருக்கு. இன்னொரு கட்சி, இல்லப்பா நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல பர்பன் தெருன்னு ஒண்ணு இருக்கு, ஆத்து வழியா படகுல எறங்குன சரக்கு அங்கதான் பேரு வாங்குச்சுங்குது. எனக்கு மாவட்டக் கதைதான் பொருத்தமா படுது, விளம்பரம் வந்ததே அந்த ஊர்லதானே.

இப்ப முக்கியமான சமாச்சாரம். பர்பனை 'மக்காச்சோள விஸ்கி'ன்னு தமிழாக்கம் பண்ணலாமேன்னு கேப்பாங்க, பண்ணக்கூடாது. அமெரிக்க சட்டத்துல கார்ன் விஸ்கின்னு தனியா ஒரு வகை இருக்கு, அதுல மக்காச்சோளம் குறைஞ்சது 80%, கருக்கின புது பீப்பாயில அதை வெக்கவே கூடாது. பர்பன்ல மக்காச்சோளம் 51% இருந்தா போதும், ஆனா உள்பக்கம் தீயில கருக்கின புது ஓக் பீப்பாயிலதான் வெச்சாகணும். ரெண்டும் நேர் எதிர். மீதி தானியம் பெரும்பாலும் ரை இல்லன்னா கோதுமை, கூட கொஞ்சம் முளைகட்டின பார்லி (ரையை கம்புன்னு எழுதாதீங்க, கம்பு வேற பயிர்). காய்ச்சி எடுக்குறப்போ ஆல்கஹால் 80% தாண்டக்கூடாது, பீப்பாய்க்குள்ள போறப்போ 62.5% தாண்டக்கூடாது, பாட்டில்ல 40%க்கு கீழ இறங்கக்கூடாது, தண்ணியைத் தவிர கலரோ வாசனையோ எதுவும் சேக்கக்கூடாது. எந்த மாநிலத்துல காய்ச்சினாலும் பர்பன்தான், கென்டக்கி மட்டும்தான்ங்கிறது தப்பு, ஆனா அமெரிக்காவைத் தாண்டினா அந்தப் பேரை வெக்க முடியாது, 1964லயே அவங்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு இது நம்ம நாட்டு தனிச்சரக்குன்னு சொல்லிடுச்சு. அதனால இது ஊர் பேரு கூடவே சட்டப் பேரு, தமிழ்லயும் பர்பன்னே விட்டுடுங்க. மொழிபெயர்க்க வேண்டியது அதைச் சுத்தி இருக்குற சொற்களைத்தான், அதுக்கு நம்மகிட்ட நல்ல சரக்கே இருக்கு.

மொதல்ல 'ஏஜ்டு', அதாவது பீப்பாயில பல காலம் வெச்சு பக்குவமானது. இதை 'வயதான விஸ்கி'ன்னு எழுதியிருக்கறதைப் பாத்தா கம்பு ஊனிட்டு நடந்து வர்ற மாதிரி இருக்கு. புறநானூத்துல ஒளவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்'னு பாடுறாங்க, தேள் கொட்டுன மாதிரி சுர்ருனு இருக்குற, நாள்பட்ட கள். நாட்படு, இதுதான் சொல்லு. தேறல்ங்கிறது தேறித் தெளிஞ்சது, அதாவது வண்டல் இறங்கி தெளிவா நிக்கிறது. மூங்கில் குழாயில ஊத்தி வெச்சு விளைய வெச்ச தேறலும் சங்கப் பாட்டுல வருது, மரத்துக்குள்ள வெச்சு பக்குவப்படுத்துறது நமக்கும் தெரிஞ்ச வித்தைதான், ஆனா அது காய்ச்சின சாராயம் இல்ல, புளிக்க வெச்ச கள், அதை மறந்துட்டு 'அப்பவே நம்மகிட்ட விஸ்கி இருந்துச்சு'ன்னு கெளம்பிடாதீங்க. லேபிள்ல 'ஸ்ட்ரெய்ட்'னு போட்டிருந்தா குறைஞ்சது 2 வருஷம் நாட்பட்டதுன்னு அர்த்தம், 4 வருஷத்துக்கு கீழன்னா எவ்வளவு காலம்னு எழுதியே ஆகணும். பீப்பாய்ங்கிறதுக்கு தமிழ்ச்சொல் தேடி மண்டையை உடைக்க வேணாம், அது போர்ச்சுகீஸ் 'பீப்பா'லேருந்து வந்து நம்ம சொல்லாவே ஆயிடுச்சு.

அந்த பீப்பாய் பர்பனுக்கு ஒரு தடவைதான் உதவும், புதுசுதான் வேணும்னு சட்டம் இருக்கே, அதனால பழசெல்லாம் ஸ்காட்லாந்துக்கும் மத்த நாட்டுக்கும் போயிடும். பெங்களூர் அம்ருத், கோவா பால் ஜான் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில முளைகட்டின பார்லியில மட்டும் காய்ச்சுற விஸ்கி) எல்லாம் பெரும்பாலும் பர்பன் வெச்ச பீப்பாயில விளைஞ்சதுதான், பர்பனையே தொடாதவங்களும் அதோட வாசனையை கொஞ்சம் குடிச்சிருக்காங்க.

அடுத்து 'புரூஃப்', சரக்குல ஆல்கஹால் எவ்வளவுன்னு சொல்ற கணக்கு. அமெரிக்காவுல இது சுலபம், ஆல்கஹால் சதவீதத்தை ரெண்டால பெருக்கிக்கணும், 100 புரூஃப்னா 50%. பழைய இங்கிலாந்து கணக்கு வேற, அங்க 100ங்கிறது 57.1%. நம்ம டாஸ்மாக் பாட்டில்ல 42.8%னு விசித்திரமா ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது அந்த வெள்ளைக்காரன் கணக்குல 75 புரூஃப், அவன் போயும் நம்பர் போகல. தமிழ்ல 'வீரியம்'னா எல்லாருக்கும் புரியும்.

'கிராஃப்ட்'டுக்கு வருவோம். அகராதி சொல்ற கைவினைங்கிறதை அப்படியே வெச்சா பூம்புகார் ஷோரூம்ல விக்கிற சரக்கு மாதிரி ஆயிடும். பழைய ஆங்கிலத்துல இந்தச் சொல்லுக்கு பலம், திறமைன்னு அர்த்தம், ஜெர்மன் மொழியில 'கிராஃப்ட்'னா இன்னைக்கும் சக்திதான். சின்ன அளவுல சொந்தமா காய்ச்சுறதுங்கிறதை 'சிறுவடிப்பு'ன்னு சொல்லலாம்ங்கிறது என் கட்சி. ஆனா லேபிள்ல கிராஃப்ட்னு போடுறதுக்கு சட்ட வரையறை எதுவும் கெடையாது, சின்ன அளவுல போட்டதுன்னு அர்த்தம் வர்ற 'ஸ்மால் பேட்ச்'சுக்கும் அப்படித்தான், இண்டியானா லாரன்ஸ்பர்க்ல இருக்குற ஒரு பெரிய வடிப்பாலையிலேருந்து மொத்தமா வாங்கி தன் பேர்ல பாட்டில் போட்டு விக்கிற பிராண்டு நிறைய உண்டு. அதுல தப்பு இல்ல, சரக்கு நல்லாவே இருக்கும், ஆனா தெரிஞ்சு வாங்கணும். பின்பக்கம் சின்ன எழுத்துல 'காய்ச்சியவர்' யாரு, எந்த மாநிலம்னு பாருங்க, 'தயாரித்தவர்', 'பாட்டிலில் அடைத்தவர்'னு மட்டும் இருந்தா காய்ச்சினது வேற ஆளா இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியா கிளாஸ். டம்ளர்னு தமிழாவே பொழங்குறோமே, அது ஆங்கிலத்துல 'உருண்டு விழறது'ங்கிற சொல்லு, அந்தக் காலத்து டம்ளருக்கு அடிப்பாகம் தட்டையா இருக்காது, கீழ வெச்சா சாஞ்சுடும், கையில எடுத்தா குடிச்சு முடிச்சுதான் வெக்கணும். இப்ப ஐஸ் போட்டு குடிக்கிற குட்டையான கனத்த கிளாஸும் ஒரு டம்ளர்தான். ருசி பாக்குறவங்க எடுக்கறது வேற, 2001ல ஸ்காட்லாந்துல வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ், அடியில வயிறு உப்பி வாய் குறுகி டுலிப் பூ மொட்டு மாதிரி இருக்கும். வயித்துப் பக்கம் ஆவி சேரும், குறுகின வாய் அதை சிதற விடாம மூக்குக்கு அனுப்பும். இந்த வகைக்கு தமிழ்ல குவளைன்னு சொன்னா கச்சிதம், கிண்ணத்துக்கும் அதான் பேரு, பூவுக்கும் அதான் பேரு. நோசிங்னா மோந்து பாக்குறது, எழுத்துல முகர்தல். மூக்கை உள்ள விட்டு இழுக்காதீங்க, ஆல்கஹால் காந்தும், வாயை லேசா திறந்து வெச்சுக்கிட்டு விளிம்புல மெதுவா மோந்தா வெனிலா வரும், தேங்காய் வரும், கிராம்பு வரும், மூணுமே ஓக் கட்டையிலேருந்து இறங்கற வாசனைதான். யாரோ 'டோஃபி, பட்டர்ஸ்காட்ச்'னு எழுதினதை மனப்பாடம் பண்ண வேணாம், உங்களுக்கு வெல்லப்பாகுன்னு பட்டா அப்படியே சொல்லுங்க.

எதுவும் கலக்காம குடிக்கிறது 'நீட்', சுத்தம், பளபளன்னு அர்த்தம் உள்ள லத்தீன் சொல்லோட பேரன், நம்ம ஊர்ல 'ராவா அடிக்கிறது'. ஜிம் பீம்ங்கிற பர்பன் கம்பெனி குடும்பத்து புக்கர் நோ பர்பனை வாயில வெச்சு மெல்லுற மாதிரி அசைச்சு, நாக்கைத் தட்டி சத்தம் எழுப்பித்தான் ருசி பாப்பாரு, அதுக்கு 'கென்டக்கி ச்சூ'ன்னு பேரு, தமிழ்ல சப்புக்கொட்டுறது. முழுங்கினப்புறம் நெஞ்சுல பரவுற சூடு இருக்கே, அதை அங்க 'கென்டக்கி ஹக்'னு, அதாவது கென்டக்கி கட்டிப்பிடிப்புன்னு சொல்றாங்க, இதுக்கு மட்டும் இன்னும் நல்ல சொல்லு சிக்கல, உங்களுக்கு தோணுச்சுன்னா சொல்லுங்க.