அதையெல்லாம் எழுதலாமுங்களா?

ஏழாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தது இது: ‘எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா ஆண்டுதோறும் வெகு சிறப்பாக நடைபெறும். மக்கள் புத்தாடை அணிந்து மகிழ்ச்சியுடன் கொண்டாடுவர்.’ ஒரு பிழை கிடையாது. அதே வரிகள் இன்னும் பதினோரு நோட்டில் இருந்தன.

“சரி, நோம்பியன்னைக்கு நீ என்ன பண்ணுன கண்ணு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். “கெடா வெட்டும்போது பொடக்காளில போயி ஒளிஞ்சுக்கிட்டனுங்க சார். அது நான் வளத்துன கெடாய்ங்க.”

“அதை எழுது.”

“அதையெல்லாம் எழுதலாமுங்களா சார்?”

ஈரோடு மாவட்டத்தில் நம்பியூர்ப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பு இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மா விடிந்ததும் பனியன் கம்பெனி வேனில் திருப்பூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அப்பா தறிக்குப் போவார், இல்லை பண்ணயம் பார்ப்பார். பனியனில் நூல் பிசிறு வெட்டி வெட்டி அம்மாவின் விரலில் எங்கே காய்ப்புக் காய்த்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதல் நாள் என்னென்ன மிதந்து வரும் என்றும் தெரியும். கட்டுரை நோட்டைத் திறந்ததும் இவையெல்லாம் எங்கோ போய்விடுகின்றன. நோட்ஸில் இருக்கும் முன்னுரை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு மாற்றாகத்தான் எழுத்துப் பட்டறை என்ற முறையைச் சில வருடங்களாக வகுப்பில் நடத்துகிறேன். இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டொனால்டு கிரேவ்ஸ் என்ற பேராசிரியர் 1978 முதல் 1980 வரை தம் குழுவோடு ஒரு பள்ளியில் பிள்ளைகள் எழுதும்போது பக்கத்திலேயே இருந்து கவனித்தார். எதைப் பற்றி எழுதுவது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும், எழுதியதைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுத நேரம் தர வேண்டும் என்பதுதான் அவர் வலியுறுத்தியது. மெயின் மாநிலத்தில் எட்டாம் வகுப்புக்கு இதைக் கொண்டுபோய் வருடக்கணக்கில் நடத்திக் காட்டியவர் நான்சி அட்வெல். 2015-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட உலக ஆசிரியர் விருது அவருக்குத்தான் போனது. நம் ஊரில் பட்டறை என்றால் கொல்லன் பட்டறை. ஒரே அடியில் யாரும் கலப்பைக் கொழு அடிப்பதில்லை. காய்ச்சுவது, அடிப்பது, மறுபடி காய்ச்சுவது. எழுத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை இரண்டு பீரியடைச் சேர்த்துக்கொள்கிறோம், மொத்தம் 80 நிமிடம். முதல் 10 நிமிடம் நான் கரும்பலகையில் என்னுடைய ஒரு பத்தியை எழுதி, அவர்கள் கண் முன்னாலேயே அடித்துத் திருத்துகிறேன். வாத்தியாரும் அடித்து எழுதுகிறவர்தான் என்று பார்த்த பிறகு பிள்ளைகளுக்கு ரப்பர் மேல் இருக்கிற ஆசை குறைகிறது. அப்புறம் 50 நிமிடம் எல்லாரும் எழுதுகிறார்கள். கடைசி 20 நிமிடம் விரும்புகிறவர்கள் வாசிக்கலாம். நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுத வேண்டும். இடப்பக்கம் பின்னால் சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும்.

அந்த 50 நிமிடத்தில்தான் எனக்கு உண்மையான வேலை. ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் போய் உட்காருகிறேன். ஒருவருக்கு நான்கு நிமிடம், ஒரு வெள்ளிக்கிழமைக்கு பத்துப் பேர், அவ்வளவுதான் முடியும். நான் பேனாவைத் தொடுவதில்லை. “வாசிச்சுக் காட்டு” என்கிறேன். கேட்டு முடித்ததும், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பதை மட்டும் கேட்கிறேன். கெடாய்ப் பையன் முதலில் எழுதியது நாலே வரி. “அதுக்குப் பேரு வச்சிருந்தியா?” என்றேன். மணி என்றான். “எப்படி உங்க வூட்டுக்கு வந்துச்சு?” கண்ணபுரம் சந்தைக்கு அப்பாரோடு, அதாவது தாத்தாவோடு, போய்க் குட்டியாக வாங்கி வந்ததாம், வழி நெடுக அவன் மடியில் இருந்ததாம். நான் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து அவனிடம் இரண்டரைப் பக்கம் இருந்தது. மணி என்ற பெயர் முதல் வரிக்கு வந்திருந்தது. மாற்றச் சொன்னது நான் இல்லை.

இங்கே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை முதன்முதலில் எழுதிய பக்கத்தில் பிழை திருத்தாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆறாம் வகுப்புப் பெண், தன் அப்பத்தா இறந்த அன்றைக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தாள். நான் ஒற்றுப் பிழை, ழகர ளகரப் பிழை என்று பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். அவள் என்ன எழுதியிருந்தாள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் அதற்குப் பிறகு ஐந்து வரிக்கு மேல் எழுதவே இல்லை. அந்த ஐந்து வரியிலும் பிழை வராத சொற்களாகத் தேடிப் போட்டாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிழையை விட்டுவிடச் சொல்லவில்லை. கையெழுத்து இதழுக்குப் போகும் பக்கத்தில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்பதில் நான் கறார்தான். ஆனால் அது கடைசி வேலை. சொல்ல வந்தது முழுதாக வந்த பிறகு, வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுக்கிறோம். இந்த வாரம் ர, ற என்றால் அது மட்டும்தான். மரத்தைப் பற்றி எழுதும் பிள்ளை ‘மறம்’ என்று எழுதியிருந்தால், தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘மரம்’ என்று தானே குறித்துக்கொள்கிறது. தன் கண்ணால் கண்டுபிடித்த பிழை மறுபடி வருவது குறைவு என்பது என் அனுபவம்.

அப்புறம் வட்டாரச் சொல். கெடாய்ப் பையன் ‘பொடக்காளி’ என்று எழுதிவிட்டு, அழித்து, ‘கொல்லைப்புறம்’ என்று மாற்றியிருந்தான். மறுபடி பொடக்காளியையே போடச் சொன்னேன். அவன் ஒளிந்த இடம் பொடக்காளிதான். கொங்குச் சொற்களுக்கென்று தனி அகராதியே 2000-இல் அச்சில் வந்துவிட்டது. பிள்ளை எழுதினால் மட்டும் அது எப்படிக் கொச்சை ஆகும்? ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதும்போது பொதுத் தமிழ் வேண்டும், அதையும் சொல்லித் தருகிறேன். இரண்டும் எங்கெங்கே வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவு இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் வேலைக்கு வந்த இடத்தில் சேர்ந்த ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டி சொன்ன வார்த்தையை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதட்டும். அர்த்தத்தை அடுத்த வரியில் சொல்லட்டும்.

நிறையப் பேர் யோசிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. சொந்தக் கதையை எழுதச் சொன்னால் வீட்டு வெசனமும் வெளியே வரும். குடித்துவிட்டு வரும் அப்பா வருவார், கந்துக் கடன் வரும், அடி வரும். அதனால் முதல் நாளே மூன்று விதி சொல்லிவிடுகிறேன். பக்கத்தை மடித்து வைத்தால் நான் மட்டும் படிப்பேன். உன் அனுமதி இல்லாமல் ஒரு வரியும் வகுப்பில் வாசிக்கப்படாது. ஆனால் உனக்கோ வேறொரு பிள்ளைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் ரகசியமாக வைத்துக்கொள்ள மாட்டேன். இந்த மூன்றாவதை மறைக்கக் கூடாது. பிள்ளைகளிடம் நடக்கும் பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்று 2012-இன் போக்சோ சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எங்கள் வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். இதற்கெல்லாம் மனதளவில் தயாராகாமல் ‘உன் வாழ்க்கையை எழுது’ என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பாடம் முடிக்க நேரம் போதாதே என்று மற்ற ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு பீரியட் கிடைக்காவிட்டால் ஒன்றில் தொடங்கலாம், 40 நிமிடத்தில் 25 நிமிடம் எழுத விட்டால் போதும். ஆனால் வாராவாரம் அதே நாளில் நடக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எழுதப் போகிறோம் என்று தெரிந்தால், பிள்ளை திங்கட்கிழமையே சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கிவிடும்.

மணியின் கதை அந்த வருடக் கையெழுத்து இதழில் வந்தது. நகலை வீட்டுக்கு எடுத்துப் போனான். அடுத்த வாரம் அவனுடைய அம்மா, கம்பெனி லீவு நாளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “அன்னைக்கு இவன் சோறு உங்கலீங்க சார். வவுத்து வலின்னு சொன்னானுங்க. நானும் ஓமத்தண்ணி குடுத்தனுங்க” என்றார். பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். இதழில் இன்னொரு பிரதி கிடைக்குமா, அவனுடைய அப்பாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.