மாலை நேரச் சட்டக் கல்லூரியில் பணம் கட்டும் முன்

கோலாலம்பூர் செந்தூலில் எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி. பகலில் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை, வாரத்தில் மூன்று இரவு சட்ட வகுப்பு. எல்ஆர்டி ரயில் பிடித்து வீடு சேரப் பத்தரை ஆகும். அப்படிப் படித்துப் பட்டமும் வாங்கினாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பட்டத்தை வைத்து சிஎல்பி தேர்வு, அதாவது வழக்கறிஞர் ஆவதற்கான தேர்வு, எழுத முடியாது என்று. கல்லூரி விளம்பரத்தில் 'அங்கீகாரம் பெற்ற படிப்பு' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது பொய்யும் இல்லை. அதுதான் வயிறு எரிகிறது.

இங்கே மலேசியாவில் அங்கீகாரம் இரண்டு. எம்கியூஏ எனும் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் என்றால் அது முறையான பட்டம், அவ்வளவுதான். வழக்கறிஞர் ஆக அது போதாது. 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் கீழ் இயங்கும் தகுதி வாரியம் அந்தப் பட்டத்தை ஏற்க வேண்டும். முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

இரவு வகுப்பு நடத்தும் சின்னக் கல்லூரிகள் பலவற்றில் பட்டம் தருவது வேறொரு பல்கலைக்கழகம். கல்லூரி பாடம் மட்டும் நடத்தும். அதனால் "அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: பட்டம் யாருடையது? பகுதி நேரமாகப் படித்தாலும் வாரியம் ஏற்குமா? என் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) தேர்வு முடிவுகளோடு ஏற்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் என்ன தகுதியோடு படிப்பில் சேர்ந்தீர்கள் என்பதையும் வாரியம் பார்க்கும். வேலை அனுபவத்தைக் காட்டிக் கல்லூரியில் இடம் வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்.

வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். சான்றிதழ் நகல்களை இணைத்து வாரியத்துக்கே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "இன்றோடு கட்டணக் கழிவு முடிகிறது, முதலில் முன்பணம் கட்டுங்கள்" என்று கல்லூரி அவசரப்படுத்தினால், சேராமலே திரும்பி வாருங்கள். பதில் வர நாளாகலாம். நான்கைந்து வருட இரவுகளை இழப்பதைவிட அது மேல்.

பட்டம் சரி, சிஎல்பியின் ஐந்து தாளும் தேறியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி. அந்த ஒன்பது மாதமும் பொதுவாக வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது, பகுதி நேர வேலைகூடக் கூடாது என்கிறது சட்டத் தொழில் சட்டத்தின் 12ஆம் பிரிவு. பகலில் சம்பாதித்து இரவில் படிக்கிறவர்களுக்கு இதைச் சேரும்போதே சொல்ல வேண்டாமா? யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கடனும் பிள்ளைகளும் உள்ளவர்கள் அந்த மாதங்களுக்கான பணத்தை முதல் வருடத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். மலாய் மொழித் தகுதித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும், அல்லது விலக்குப் பெற்றிருக்க வேண்டும். விலக்குக் கேட்க உதவும், எஸ்பிஎம் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கட்டணத்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எடுக்கலாம். ஆனால் கல்விக்கென்று எடுப்பது, அந்தச் சேமநிதியின் ஒரு பகுதியான செஜாத்தெரா கணக்கிலிருந்து மட்டும்தான். மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேர்கிறது. மொத்தச் சேமிப்பைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சேர்க்கைக் கடிதத்தில் படிப்பின் பெயரும் உங்கள் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று கல்லூரியிலேயே நின்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இபிஎஃப்பில் திரும்ப வரச் சொல்லலாம், நீங்கள் மறுபடி லீவு எடுக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டுவிட்டீர்களா? பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, அங்கே வக்கீல் வைக்க அனுமதியில்லை, நீங்களே பேச வேண்டும். ஆனால் மூன்று வருடக் கெடு உண்டு. படிப்பை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும். சந்தேகம் வந்த வாரமே விளம்பரத் தாள், ரசீதுகள், வாட்ஸ்அப்பில் கல்லூரி கொடுத்த வாக்குறுதிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.