ஓ.பி. சீட்டில் இல்லாத பெயர்

மூன்றாவது முறையும் ஊழியர் ஓர் ஆண் பெயரை உரக்கக் கூப்பிட்டார். பெஞ்சின் ஓரத்தில் புடவை கட்டி உட்கார்ந்திருந்த திருநங்கை தலையைக் குனிந்துகொண்டார். எழுந்தால் கூடமே திரும்பிப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். கூட்டம் கலைந்து நான் கை கழுவப் போகும் நேரத்தில்தான் வாசலில் வந்து நின்றார்.

"உள்ளே வாருங்கள் அம்மா. உடம்புக்கு என்ன செய்கிறது?"

இடது கால் நன்றாகப் பருத்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டதும் முகம் சுளித்தார். வீங்கி எட்டு நாளாம். நடுவில் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். ஆபரேஷன் செய்துகொண்டாயா, எங்கே, யார் செய்தார்கள் என்றெல்லாம் துருவிய அவர், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. வலிக்குத் தைலம் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். நான் கேட்டதும் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். கருத்தடை மாத்திரை. மார்பு வளரும் என்று தோழி சொல்ல, மருந்துக் கடையில் வாங்கி நாளொன்றுக்கு மூன்று வீதம் விழுங்கிவந்திருக்கிறார்.

டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி தெரிந்தது. அது நகர்ந்து நுரையீரலை அடைத்திருந்தால் உயிரே போயிருக்கும். கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலும் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஹார்மோன் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது; அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும். அதனால்தான் திருநங்கையருக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக, உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனான எஸ்ட்ராடையாலை, ரத்தப் பரிசோதனையோடு, அளவு பார்த்துக் கொடுக்கிறோம். இதைச் சொல்ல ஆள் இல்லாததால் அவர் கடைக்காரரை நம்பினார். எட்டு நாள் தாமதத்துக்கு அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கும் கால் வீக்கத்துக்கும் அவர்கள் வருவது நம் ஓ.பி.க்குத்தான். சிகிச்சை மறுப்பதையும் பாரபட்சமாக நடத்துவதையும் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, பாலின முரண்பாடு, அதாவது பிறப்பில் குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் வேறாக இருப்பது, மனநோய்களின் வரிசையிலிருந்து வெளியேறிவிட்டது. கால் வலி என்று வந்தவரை மனநலப் பிரிவுக்குத் தள்ளிவிட இனி யாருக்கும் சாக்கு இல்லை.

உறுப்பை மறந்துவிடுவதும் தவறுதான். நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் அறுவையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) ஆன பிறகும் திருநங்கையருக்குப் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. வயதானவர் சிறுநீர் பிரியவில்லை என்றால் அதையும் நினைக்க வேண்டும். விதைகளை நீக்கிக்கொண்டு ஹார்மோனும் எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களுக்கு எலும்பு மெலிந்துபோகும். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியருக்குக் கருப்பை வாய் இருக்கும்வரை புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் போடுவதால் மாதவிடாய் நின்றிருக்கலாம், கரு தரிக்காது என்று பொருளில்லை. மீசை வைத்த ஒருவரை மகளிர் ஓ.பி. வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால், அவர் அடுத்த முறை வர மாட்டார். அவரைக் கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொல்ல நமக்கு என்ன செலவு?

சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் புடவையை விலக்கிப் பார்ப்பதும், 'வந்து பாருங்கள்' என்று மாணவர்களைக் கூப்பிடுவதும் நம் வார்டுகளில் நடக்கின்றன. திரையை இழுத்துவிட்டு, தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். எந்த வார்டில் படுக்க விரும்புகிறார் என்பதை அவரிடமே கேளுங்கள்.

இப்போது எங்கள் சீட்டில் பதிவுப் பெயருக்குக் கீழே, அழைக்க வேண்டிய பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்கிறோம். மறுபரிசோதனைக்கு அவர் வந்தபோது செவிலியர் அந்தப் பெயரைச் சொன்னார். முதல் அழைப்பிலேயே எழுந்து வந்தார். கூடவே இன்னொரு திருநங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்.

"இவளுக்கு ஒரு மாதமாக இருமல், டாக்டர். வர மாட்டேன் என்றாள்."

சளிப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தேன்.