சப்போட்டாவுக்கு அடியில் ஒரு காட்டு மரம்

வீட்டுக் கொல்லையில் சப்போட்டா ஒட்டுக்கன்று வைத்திருந்தால், குனிந்து ஒட்டுக் கட்டிய இடத்தைப் பாருங்கள். மேலே சப்போட்டா, கீழே பெரும்பாலும் பாலை என்ற காட்டு மரம். அடியில் துளிர்த்தால் கிள்ளிவிடச் சொல்வார்கள். விட்டால் பாலை கிளம்பிவிடும்.

காவிரி டெல்டாவின் தென்கோடியில், கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் கோடியக்கரையில்தான் அதன் காடு இருக்கிறது. 1967 முதல் அது சரணாலயம். வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி, மணல்மேட்டில் கோடையிலும் பச்சையாக நிற்கும் காடு அது. உலக்கைப் பாலை என்ற பெயரிலேயே அந்த மரத்தின் குணம் தெரியும். வைரம் பாய்ந்த கட்டை. உலக்கைக்கும் செக்குக்கும் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் மிக மெதுவாக வளரும். வெட்டுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கவே முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேறு இந்தக் காட்டைப் புரட்டிப்போட்டது.

சரி, கன்று நட்டால் போதாதா? போதாது. மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்கியதும் முந்திக்கொள்வது சீமைக்கருவேல்தான். அதன் இனிப்பான நெற்றைக் குதிரையும் மாடும் தின்னும். கெட்டித் தோல் கொண்ட விதை குடலில் செரிக்காமல், சாணத்தோடு புது இடத்தில் விழுந்து முளைக்கும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளைகளாகத் தழைக்கும். அதனால் வேர்முடிச்சோடு தோண்டி எடுக்க வேண்டும். ஜேசிபி விட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் அடியில் இருக்கும் நல்ல நாற்றும் நசுங்கிவிடும். எனக்குக் கடப்பாரைதான் சரியாகப் படுகிறது. அப்புறமும் மண்ணில் கிடக்கும் விதைகள் முளைக்கும். மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போதே இளங்கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும், வருடா வருடம்.

பாலையை நட வேண்டியதுகூட எல்லா இடத்திலும் இல்லை. தாய்மரம் பிழைத்திருந்தால், கோடையில் மஞ்சளாய்ப் பழுத்து, உதட்டில் பிசுபிசுவென ஒட்டும் அதன் பழத்தைத் தேடி மரநாய் வரும். தின்றுவிட்டு, பளபளக்கும் பழுப்பு விதைகளை வேறிடத்தில் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். எனவே முதல் வேலை, புதர் நிழலில் ஏற்கெனவே முளைத்திருப்பதைத் தேடுவதுதான். இலை தடிப்பாக, நுனி லேசாக உள்வாங்கி இருக்கும். கிள்ளினால் பால் கசியும். அந்த நாற்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி அடையாளம் வைத்துவிட்டு, அதை நெருக்கும் சீமைக்கருவேலை மட்டும் எடுக்க வேண்டும். நிழல் தரும் நம்மூர்ப் புதரை அப்படியே விட்டுவிட வேண்டும்.